ஆண்கள் நிறைந்த மாநாட்டுக்கு எதை உடுத்திப் போவது? தென்னாப்பிரிக்காவில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சுரங்கம், மின்சாரம், தொலைத்தொடர்பு, கட்டுமானம், மென்பொருள் என்று ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் கேப்டவுனிலும் நம் பெண்கள் இல்லாத துறை இப்போது கிடையாது. ஆனால் அந்தத் துறைகளின் மாநாட்டுக்குப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேவி ப்ளூ கோட்டுதான் தெரியும். பெண்கள் கழிவறையில் வரிசையே இருக்காது. அது ஒன்றுதான் லாபம். பேச வேண்டிய ஸ்லைடுகள் எப்படியோ முடிந்துவிடும். எதைப் போட்டுக்கொண்டு போவது என்ற கேள்வி மட்டும் கிளம்பும் நாள் காலை வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஆண்களைப் போலவே கோட்டு சூட்டு போட்டுக் கூட்டத்தில் கலந்துவிடச் சொல்பவர்கள் ஒரு பக்கம். மனதுக்குப் பிடித்ததைப் போடுங்கள், யார் என்ன சொன்னால் என்ன என்பவர்கள் மறுபக்கம். காலர் மைக்கை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் மேடை ஓரத்தில் நிற்கும்போது இரண்டுமே உதவாது. மைக், பேட்ஜ், ஏசி, மேடை நாற்காலி எல்லாமே பெல்ட் கட்டி, பாக்கெட் வைத்த கோட்டு போட்ட ஒருவரை நினைத்துச் செய்தவை. அந்த ஒருவர் நாம் இல்லை. அதனால் அந்த வசதிகளை நம் உடையில் நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அழகு, கண்ணியம், ஸ்டைல் எல்லாம் அதற்கு அப்புறம். வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

அலமாரியைத் திறப்பதற்கு முன் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைத் திறங்கள். மொத்தம் எத்தனை நாள், எந்த நாளில் உங்களுக்கு மேடை, எந்த நாளில் கண்காட்சி அரங்கு, இரவு விருந்து உண்டா, ஆலையையோ சுரங்கத்தையோ பார்க்க அழைத்துப் போகிறார்களா, கோல்ஃப் நாள் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு உடை தேவைப்படும்.

அழைப்பிதழில் 'பிசினஸ் ஃபார்மல்' என்று இருந்தால் பிளேசர் இல்லாமல் போகாதீர்கள். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று போட்டிருந்தால் இந்த நாட்டில் அதற்கு நூறு அர்த்தம் உண்டு. கேப்டவுன் மென்பொருள்காரர்கள் ஜீன்ஸும் டேக்கீஸும் (விளையாட்டுக் காலணி) போட்டு வருவார்கள். அதே வார்த்தையைப் பார்த்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் வங்கிக்காரர் டையை மட்டும் கழற்றிவிட்டு வருவார். சந்தேகம் இருந்தால் சென்ற ஆண்டின் மாநாட்டுப் புகைப்படங்களைப் பாருங்கள். மேடையில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பின்னால் காபிக்கு நிற்கும் கூட்டம் என்ன போட்டிருக்கிறது என்று கவனியுங்கள். உண்மையான விதி அங்கேதான் இருக்கும்.

ஊரையும் மாதத்தையும் பார்த்து முடிவெடுங்கள்

இந்த நாட்டில் மூன்று பெரிய மாநாட்டு நகரங்களுக்கும் மூன்று விதமான வானிலை. சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் பெட்டி கட்டுவார்கள். ஜூலை மாத ஜோகன்னஸ்பர்க் காலை அந்த நினைப்பை ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிடும்.

கேப்டவுனில் பிரச்சினை காற்று. ஆப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெரிய கூட்டமான மைனிங் இண்டாபா ஒவ்வொரு பிப்ரவரியிலும் அங்கேதான் நடக்கிறது. பிப்ரவரி என்றால் நல்ல கோடை, தென்கிழக்குக் காற்று பேயாய் வீசும் காலம். ஊர்க்காரர்கள் அதை 'கேப் டாக்டர்' என்பார்கள். ஊரின் புகையையும் நோயையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. மாநாட்டு மையம் இருக்கும் ஃபோர்ஷோர் பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே புகுந்து வரும் காற்று ஆளையே தள்ளும். ஹோட்டலிலிருந்து நடந்து வரும்போதும் திரும்பும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். பறக்கும் பாவாடை, விரித்துவிட்ட முந்தானை, கழுத்தைச் சுற்றாத துப்பட்டா எதுவுமே அங்கே தாங்காது. மே முதல் ஆகஸ்ட் வரை காற்றோடு மழையும் சேரும். குடை பிடித்தால் கம்பிதான் கையில் மிஞ்சும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குப் பல் நடுங்கும்; மதியம் இரண்டு மணிக்குக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வோம். எனவே அடுக்கு அடுக்காக உடுத்துவதுதான் வழி. அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரப்பசையே இல்லாததால் பாலியெஸ்டர் துணியில் நிலைமின்சாரம் ஏறிவிடும். உள்பாவாடை காலோடு ஒட்டிக்கொள்ளும், பேன்ட் முழங்காலில் ஏறி நிற்கும், கைகுலுக்கினால் எதிரில் இருப்பவருக்கும் சேர்த்து 'சுளீர்' என்று அடிக்கும். பருத்தி உள்பாவாடை கட்டுங்கள், காலில் நன்றாக லோஷன் தடவுங்கள், உடுத்துவதற்கு முன் கம்பி ஹேங்கரால் துணியின் உள்பக்கம் ஒருமுறை நீவிவிடுங்கள். அடங்கிவிடும். கோடையிலோ மதியம் வரை சுள்ளென்று வெயில் அடித்து, அப்புறம் இடியும் மழையும் கொட்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை மாலை நிகழ்ச்சிக்கு லெதர் செருப்பை நம்பாதீர்கள்.

டர்பனில் புழுக்கம். நம் சென்னை மாதிரியேதான். கஞ்சி போட்ட காட்டன் காரிலிருந்து இறங்கி உள்ளே நுழைவதற்குள் துவண்டுவிடும். லினன் கசங்கி விடும். வியர்வை தெரியாத நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் வேண்டாம். அடர்நீலம், வெள்ளை, பூப்போட்ட துணி பரவாயில்லை.

எந்த ஊரானாலும் அரங்கத்துக்குள் குளிரும். இது நமக்கு மட்டும் தோன்றும் பிரமை இல்லை. அலுவலகக் கட்டடங்களின் வெப்பநிலைக் கணக்கு 1960களில் உருவானது. நாற்பது வயது, எழுபது கிலோ ஆணின் உடல் உண்டாக்கும் சூட்டை வைத்துப் போட்ட கணக்கு அது என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எடுத்துக் காட்டினார்கள். அதோடு, அரங்கில் இருக்கும் பெரும்பாலோர் முழுக்கைச் சட்டையும் கோட்டும் போட்டிருப்பதால் ஏசியைக் குறைக்கச் சொல்ல ஆள் இருக்காது. மெல்லிய கம்பளி ஷால் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

புடவையா, சல்வாரா, பேன்ட்டா?

நான் மூன்றையும் பார்த்தும் உடுத்தியும் இருக்கிறேன். என் பதில் இதுதான்: மேடை நாளுக்குப் புடவை தாராளமாகக் கட்டலாம், கண்காட்சி நாளுக்கு வேண்டாம், தளத்தைப் பார்க்கப் போகும் நாளுக்குக் கூடவே கூடாது.

புடவை கட்டினால் 'கலை நிகழ்ச்சி நடத்த வந்தவர்' என்று நினைப்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. அது புடவையைப் பொறுத்தது. சரிகை அகலமாக ஓடும் காஞ்சிபுரம் பட்டு காலை ஒன்பது மணிக்கு மின்கட்டமைப்பு அமர்வில் கல்யாண வீட்டை நினைவுபடுத்தும். அதை இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்கு மெல்லிய கரை வைத்த மென்பட்டு, மைசூர் சில்க், செட்டிநாடு காட்டன் இவை பொருந்தும். செட்டிநாடு காட்டன் ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் நாள் முழுக்க விறைப்பாக நிற்கும், டர்பனில் நிற்காது. ரவிக்கையை முழங்கை வரை கை வைத்து, கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள். முந்தானையை மடித்துத் தோளில் ஊக்கு குத்துங்கள், கொசுவத்தில் ஒரு ஊக்கு, இடுப்பில் இன்னொன்று. மேடைப் படியில் ஏறும்போது கொசுவம் தடுக்காமல் இருக்க, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டுங்கள்.

புடவையின் மேல் பிளேசர் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் முந்தானையைப் பிளேசருக்கு உள்ளே அடக்கினால் பருமனாகத் தெரியும்; மேலே விட்டால் பிளேசரால் பயன் இல்லை. நீளம் குறைந்த, பித்தான் போடாத பிளேசர் ஒன்று உங்களிடம் இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் நீளக்கை ரவிக்கையே போதும்.

சல்வார் கமீஸில் துப்பட்டாதான் தொல்லை. பேட்ஜ் கயிறும் துப்பட்டாவும் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். துப்பட்டாவை விட்டுவிட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் நேரான குர்தாவும் கணுக்கால் பேன்ட்டும் போட்டு, மேலே பிளேசரோ கையில்லாக் கோட்டோ போடுங்கள். கண்காட்சி அரங்குக்கு இதைவிட வசதியான உடை எனக்குத் தெரிந்து இல்லை.

பேன்ட்டும் பிளேசரும் எடுப்பதென்றால் தோளில் மட்டும் சமரசம் வேண்டாம். இடுப்பைத் தையல்காரர் பிடித்துக் கொடுப்பார், நீளத்தைக் குறைப்பார். தோள் அகலமாக இருந்தால் அண்ணனின் கோட்டு மாதிரிதான் தெரியும். ஊல்வொர்த்ஸ், ஃபோஷினி, ட்ரூவொர்த்ஸ் போன்ற கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவை நம் பெண்கள் பலருக்குக் கை நீளமாகத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவுக்குப் போனால் துணிக்கடையும் தையல்காரரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். நிறவெறி ஆட்சியில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் பேஜ்வியூ பகுதியிலிருந்து விரட்டப்பட்ட இந்திய வணிகர்களைக் கொண்டுபோய் வைப்பதற்காக 1970களில் கட்டிய இடம் அது. இன்று ஊரே அங்கே துணி எடுக்கிறது. டர்பனில் இருப்பவர்களுக்கு கிரே தெருவும் சாட்ஸ்வொர்த்தும் இருக்கின்றன. (பெயர்ப்பலகையில் டாக்டர் யூசுப் தாது தெரு என்று இருந்தாலும் பெரியவர்கள் வாயில் கிரே தெருதான்.)

எனக்கு மிகவும் பிடித்த ஒரு நடுவழி உண்டு: ஷ்வேஷ்வே துணியில் பிளேசர். நீலத்திலோ பழுப்பிலோ சின்னச் சின்ன வடிவங்கள் அச்சிட்ட இந்த நாட்டுப் பருத்தி அது. மூன்று பூனை முத்திரையோடு கிழக்குக் கேப்பில் அச்சிடப்படுவது பெயர் பெற்றது. கருப்புப் பேன்ட், வெற்று நிற மேல்சட்டை, மேலே ஷ்வேஷ்வே பிளேசர் என்று போனால் இந்த ஊர்க்காரர்கள் தாமே வந்து பேச்சுக் கொடுப்பார்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். துணியின் அகலம் வெறும் 90 சென்டிமீட்டர்தான், எனவே வழக்கமாக எடுப்பதைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும். புதுத்துணி கஞ்சியால் அட்டைபோல் விறைத்திருக்கும். முதல் துவைப்பில் கஞ்சி போய்த் துணியும் சுருங்கும். நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள்.

மைக், பேட்ஜ், பாக்கெட்

மேடையில் பேசுபவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். காலர் மைக்கில் இரண்டு துண்டு உண்டு. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, அதோடு ஒயரில் தொங்கும், சிகரெட் பெட்டி அளவுள்ள பேட்டரிப் பெட்டி இன்னொன்று. பெட்டியை பெல்ட்டில் மாட்டுவார்கள். இடுப்புப்பட்டை இல்லாத முழு கவுன் போட்டுப் போனால் ஒலிக்கருவி இயக்கும் தம்பி முகம் சிவந்து நிற்பார், நீங்களும்தான். கடைசியில் கையில் பிடிக்கும் மைக்கைக் கொடுப்பார்கள். ஒரு கையில் அது, மறு கையில் ஸ்லைடு மாற்றும் கருவி, குறிப்புத்தாள் வைக்க இடமில்லை.

டர்பனில் பிறந்து வளர்ந்த சீனியர் அக்கா ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி: "குர்தா போடு, கவுன் போடு, உள்ளே ஒரு மெல்லிசு பெல்ட் கட்டிக்கோ." அவ்வளவுதான். பெல்ட் வெளியே தெரிய வேண்டிய அவசியமே இல்லை. புடவையென்றால் பின் இடுப்பில் உள்பாவாடையின் பட்டியில் பெட்டியைச் செருகி, முந்தானை அதை மறைக்குமாறு விடலாம். நாடா இறுக்கமாக இருக்கட்டும், பெட்டியின் கனம் பாவாடையைக் கீழே இழுக்கும். இதை மேடை ஓரத்தில் செய்ய முடியாது. பத்து நிமிடம் முன்னதாக மைக்கை வாங்கிக்கொண்டு கழிவறையில் போய் மாட்டிவிட்டு வாருங்கள். ஒலிப்பதிவு ஆட்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மைக்கின் கவ்வி பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். பிளேசரின் மடிப்பு, சட்டையின் பித்தான் பட்டி, புடவையானால் முந்தானை மடிப்பு. கழுத்தை ஒட்டிய வட்டக் கழுத்துச் சட்டையில் குத்தினால் துணி தொங்கி மைக் தாடையைப் பார்த்து நிற்கும். பட்டுத்துணி உரசினால் சரசரவென்று ஒலிபெருக்கியில் கேட்கும். மைக் இருக்கும் இடத்தில் துணி அசையாமல் ஊக்கு குத்திவிடுங்கள்.

கேமராவுக்காக ஒரு வார்த்தை. மிக நெருக்கமான கோடும் பொடிக்கட்டமும் வீடியோவில் அலையடிக்கும். பின்திரை பச்சையாக இருந்தால் பச்சைப் புடவை கட்டியவரின் தலையும் கையும் மட்டும் காற்றில் மிதக்கும். அமைப்பாளரிடம் முன்னாடியே பின்திரையின் நிறத்தைக் கேட்டுவிடுங்கள்.

குழு விவாதத்துக்கு உயரமான ஸ்டூல் போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு நிற்கும் பாவாடை ஒரு சாண் மேலே ஏறும், பார்வையாளர்கள் கீழே இருந்து பார்ப்பார்கள். நாற்காலி எப்படிப்பட்டது என்று தெரியாத வரை பேன்ட், புடவை, அல்லது கெண்டைக்கால் வரை வரும் பாவாடை. முழங்கால் பாவாடை வேண்டாம்.

பேட்ஜ் கயிறு நீளமாக வந்து வயிற்றில் தொங்கும். பெயரைப் படிக்க அங்கேயா பார்ப்பார்கள்? பின்கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கி, பெயர் மார்புக்கு மேலே காலரெலும்பை ஒட்டி நிற்கும்படி செய்யுங்கள். பிளேசர் மடிப்பில் கவ்விக் குத்தும் பேட்ஜ் கிடைத்தால் இன்னும் நல்லது.

பாக்கெட். பெண்கள் பிளேசரில் பாக்கெட் இருப்பது போலத் தெரியும், விரல் நுழையாது. பல நேரம் அது உண்மையான பாக்கெட்தான். வடிவம் கெடாமல் இருக்கக் கடைக்கு அனுப்பும்போது வாயை மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள். உள்பக்கம் தடவிப் பாருங்கள், பை இருந்தால் நூலைப் பிரித்துவிடுங்கள். குர்தா தைக்கக் கொடுக்கும்போது பக்கத் தையலில் இரண்டு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் உங்கள் விசிட்டிங் கார்டு, இடப்பக்கம் மற்றவர்கள் கொடுத்தது. கைப்பையைத் திறந்து துழாவிக்கொண்டிருக்கும்போது எதிரில் நிற்கும் கொள்முதல் மேலாளர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

நிறம்

வெள்ளைச் சட்டையும் கருப்புப் பேன்ட்டும் போடாதீர்கள். இந்த நாட்டு மாநாட்டு மையங்களில் காபி ஊற்றுபவர்களும் பதிவு மேசையில் இருப்பவர்களும் பெரும்பாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள். அவர்களுடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை. உங்களிடம் மின்மாற்றி பற்றிக் கேட்க வேண்டியவர் கழிவறைக்கு வழி கேட்டுவிட்டுப் போவதுதான் குறை.

கூட்டத்தில் கலந்துவிட நேவி ப்ளூ போடுவது பலன் தராது என்பது என் எண்ணம். ஐம்பது ஆண்களுக்கு நடுவில் ஐந்து பெண்கள் இருந்தால் எந்த நிறம் போட்டாலும் கண்ணில் படத்தான் செய்வோம். படுவது படட்டும், அதை நமக்கு வசதியாக ஆக்கிக்கொள்வோம். கடுகு மஞ்சளோ மயில் நீலமோ மாம்பழ ஆரஞ்சோ ஒன்றே ஒன்றை எடுத்து மூன்று நாளும் ஏதாவது ஓரிடத்தில் வைத்திருங்கள்: முதல் நாள் பிளேசர், இரண்டாம் நாள் ஷால், மூன்றாம் நாள் புடவைக் கரை. "அந்த மஞ்சள் கோட்டு அம்மா" என்று தேடி வருவார்கள். ஆண்களுக்கு இந்த வசதி கிடையாது.

நகை

கண்ணாடி வளையல் பேச்சு மேடையின் பலகையில் தட்டினால் அரங்கம் முழுக்கக் கேட்கும். தாலிச் செயின் மைக்கில் உரசும். ரவிக்கைக்கு உள்ளே விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பல கூடும் மாநாடுகளில் பிரெஞ்சு, போர்த்துகீசியப் பேச்சை மொழிபெயர்த்துக் கேட்க ஹெட்போன் கொடுப்பார்கள். பெரிய ஜிமிக்கிக்கும் ஹெட்போனுக்கும் ஒத்துப்போகாது, அரை மணி நேரத்தில் காது வலிக்கும். காதோடு ஒட்டிய தோடு போதும். பொட்டு, மூக்குத்தி பற்றிக் கேட்கிறார்கள். தினமும் அலுவலகத்துக்கு வைத்துக்கொள்பவர் மாநாட்டுக்கு மட்டும் ஏன் எடுக்க வேண்டும்?

கனமான தங்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காரணம் மாநாட்டுக்குள் இல்லை, வெளியே தெருவில் இருக்கிறது.

காலணி

கண்காட்சி அரங்கின் தரை காங்கிரீட். மேலே விரித்திருக்கும் கம்பளம் பெயருக்குத்தான். இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் நாஸ்ரெக்கில் நடக்கும் எலக்ட்ரா மைனிங் கண்காட்சியை ஒருமுறை சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும். பல கூடங்கள், வெளியே திறந்த வெளியில் இயந்திரங்கள், நடுவே புழுதியும் சரளையும். ஊசிக் குதிகாலோடு அங்கே போவது வேண்டாத வேலை. கெட்டியான அடி வைத்த தட்டையான லோஃபர், இல்லாவிட்டால் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத பருத்த குதிகால். புதுச் செருப்பை மாநாட்டில் முதன்முதலாகப் போடாதீர்கள். ஹோட்டலுக்கும் அரங்குக்கும் நடுவே போட டேக்கீஸ் ஒன்று பையில் இருந்தால் முதுகு நன்றி சொல்லும்.

சுரங்கத்தையோ ஆலையையோ பார்க்கப் போகும் நாள்

இங்கே உங்கள் ரசனைக்கு வேலை இல்லை, பாதுகாப்பு விதிக்குத்தான் வேலை. முழுக்கைச் சட்டை, முழுநீளப் பருத்திப் பேன்ட், கனமான காலுறை. தலைக்கவசம், ஒளிரும் மேலாடை, பாதுகாப்புப் பூட்ஸ் எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். எந்த அளவில் கொடுப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. 1996-ல் சுரங்க நலம், பாதுகாப்புச் சட்டம் வரும் வரை இந்த நாட்டில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யச் சட்டத்திலேயே தடை இருந்தது. அதனால் கவச உடைகளின் அளவுகளும் வெகுகாலம் ஆண்களுக்கானவையாகவே இருந்தன. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஓவரால் போட்டுக்கொண்டு நிலத்தடியில் கழிவறைக்குப் போவது எவ்வளவு பெரிய பாடு என்று அங்கே வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எனவே பதிவு செய்யும்போதே பூட்ஸ் அளவையும் உடை அளவையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள ஓவரால் வேண்டும் என்றும் கேளுங்கள். சின்ன அளவு பூட்ஸ் இல்லை என்று பதில் வந்தால் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிடுவது நல்லது. பெரிய பூட்ஸில் இரண்டு காலுறை திணித்துப் போவது ஏணியில் ஏறும்போது ஆபத்து.

மெட்டியைக் கழற்றிவிடுங்கள், இரும்பு முனை பூட்ஸுக்குள் அது விரலைப் பதம் பார்க்கும். மோதிரம், வளையல், தொங்கும் காதணி எதுவும் கூடாது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் அந்த இடத்தில் போய் வாதாட வேண்டாம். சில நாள் முன்னதாகவே பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிக் கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். கொண்டையை உச்சியில் போட்டால் தலைக்கவசம் உட்காராது; பின்கழுத்தில் தாழ்வாகப் பின்னல் போடுங்கள்.

கோல்ஃப், பிராய், இரவு விருந்து

கோல்ஃப் நாள் என்றதும் 'நமக்கென்ன' என்று ஒதுங்கிவிடுகிறோம். பாதி வியாபாரம் அங்கேதான் பேசி முடிகிறது. விளையாடத் தெரியாவிட்டாலும் மாலைப் பரிசளிப்புக்குப் போங்கள். காலர் வைத்த சட்டை, முறையான பேன்ட், தட்டையான காலணி. பல கிளப்புகளில் ஜீன்ஸுக்கு அனுமதி இல்லை. பிராய் (திறந்த வெளியில் இறைச்சி சுடும் விருந்து) என்றால் புல்தரை, புகை, இருட்டிய பின் குளிர். குதிகால் புல்லில் புதையும், பட்டில் புகை வாடை ஒட்டிக்கொண்டு விமானத்திலும் கூட வரும். துவைக்கக்கூடிய காட்டனும் கனமான ஜெர்சியும் போதும்.

பெரிய விருந்துக்குத்தான் அந்தக் காஞ்சிபுரம். 'பாரம்பரிய உடை' என்று அழைப்பிதழில் இருந்தால் தயங்கவே வேண்டாம். சுலு மணிவேலைப்பாடும் நைஜீரிய அங்கியும் வரும் இடத்தில் நம் பட்டு கம்பீரமாக நிற்கும். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் என்பதால் அந்த மாத மாநாடுகளில் பகலில்கூட இப்படி வருவார்கள்.

ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், மேடை உடையை முழுசாக உடுத்தி வீட்டிலேயே இரண்டு மணி நேரம் இருங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். சமையலறை ஸ்டூலில் உட்காருங்கள். இடுப்பில் செல்போனைச் செருகி மைக் பெட்டி எப்படி இருக்கும் என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு முன்னால் நின்று யாரையாவது ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே தெரிகிறதா என்பது கண்ணாடியில் தெரியாது, படத்தில் தெரிந்துவிடும். கையை மேலே தூக்கித் திரையைச் சுட்டிக்காட்டுங்கள். எங்காவது இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றினால் அங்கே ஒரு ஊக்கோ தையலோ தேவை. மாத விலக்கு தேதி நெருங்கி வந்தால் அடர்நிறக் கீழாடைக்கு இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி நேரப் பதற்றம் வேண்டாம்.

மூன்று நாளுக்குக் கீழாடை இரண்டு, மேலாடை மூன்று, பிளேசர் ஒன்று, விருந்துக்கு ஒரு புடவை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப்டவுன் போகும் விமானத்தில் ஏழு கிலோ கைப்பெட்டியில் இது எல்லாம் அடங்கும். கனமான பிளேசரையும் லோஃபரையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள்.

யாராவது ஏதாவது சொன்னால்

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று புடவையைப் பார்த்துக் கேட்பவர்களில் பெரும்பாலோர் சும்மா பேச்சுக் கொடுக்கிறார்கள். "பதினோரு மணிக்கு என் உரைதான் விசேஷம், வாருங்கள்" என்று சொல்லி விட்டால் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். உடம்பைப் பற்றிப் பேசுபவர், கையை எடுக்காதவர், இரவு அறை எண் கேட்பவர் வேறு ரகம். அதற்கும் நீங்கள் உடுத்தியதற்கும் சம்பந்தம் இல்லை. எந்த உடையாலும் அதைத் தடுக்க முடியாது. எனவே உடை தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கவலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2022 மார்ச் 18 முதல் நடைமுறையில் உள்ள பணியிடத் துன்புறுத்தல் தடுப்பு நன்னடத்தை விதிகள் அலுவலகக் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. வேலை தொடர்பான பயணங்களும் நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். நேரம், இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றே எழுதி உங்கள் நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

பையில் வைக்க வேண்டியவையும், வெளியே போகும்போது செய்ய வேண்டியவையும்

ஊக்கு ஒரு டஜன், துணி ஒட்டும் இருபக்க டேப், உடை நிறத்தில் நூலும் ஊசியும், ஷால், கால் கொப்புளத்துக்கு பிளாஸ்டர், மெல்லிய பெல்ட், சானிட்டரி நாப்கின். ஆண்கள் கூடும் இடங்களின் கழிவறையில் நாப்கின் இயந்திரம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இருந்தாலும் காலியாக இருக்கும். கைப்பை ஜிப் வைத்ததாக, தோளில் குறுக்காக மாட்டக்கூடியதாக இருக்கட்டும். மாநாட்டில் இலவசமாகக் கொடுக்கும் டி-ஷர்ட்டை நம்பி உடை குறைத்து எடுத்துப் போகாதீர்கள். 'எல்லோருக்கும் பொருந்தும்' என்று கொடுப்பது ஆண்களின் எக்ஸ்எல் ஆகத்தான் இருக்கும்.

மாலையில் வெளியேறும்போது கதவுக்கு உள்ளேயே பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். கழுத்தில் பேட்ஜோடு தெருவில் நடப்பவர் வெளியூர்க்காரர், பையில் லேப்டாப் இருக்கிறது என்பது திருடனுக்குத் தெரியும். செயினைக் காலருக்குள் விட்டு, செருப்பை மாற்றி, உள்ளே நின்றபடியே வண்டியை அழையுங்கள். நம்பர் பிளேட்டையும் ஓட்டுநரின் முகத்தையும் செயலியில் சரிபார்த்த பிறகு வெளியே போய் ஏறுங்கள்.